பெட்டிக்குள் அடைத்த மேளம்

தாலி கட்டுகிற வேளையில் நாகஸ்வரத்தை ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து போடுவது தவறு என்பது என் கட்சி. சாஸ்திர விரோதம் என்று சொல்ல வரவில்லை. சாஸ்திரம் பேசுகிற யோக்கியதை எனக்குக் கிடையாது. சங்கீத விரோதம், மனுஷ விரோதம் என்றுதான் சொல்லுகிறேன். இதைக் கேட்டதும், "ஓகோ, இவர் இசைத்தட்டுக்கே விரோதி போலிருக்கிறது, மாட்டு வண்டிக் காலத்து ஆசாமி" என்று சிலர் தீர்ப்பெழுதி விடுவார்கள். அவசரப்பட வேண்டாம். இசைத்தட்டின் பேரில் எனக்கு இருக்கிற மரியாதை, அதைப் பந்தலில் அலற விடுகிறவர்களுக்கு இல்லை என்பதுதான் இந்தச் சண்டையின் மறு பாதி.

செஞ்சியையே எடுத்துக் கொள்ளுகிறேன். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற சாலையில், மூன்று மலைகளையும் அவற்றைச் சுற்றி வளைத்த மதிலையும் காவலாக வைத்துக் கொண்டு படுத்திருக்கிற ஊர். முகூர்த்த நாளானால் மண்டபங்கள் நிரம்பி வழிகின்றன. சென்ற தையில் அப்படி ஒரு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். மண்டபத்தின் பெயரும் வீட்டாரின் பெயரும் இங்கே வேண்டாம். எல்லா ஊரிலும் நடக்கிற கதைதான்.

மேடைக்குப் பக்கத்தில் மேளக்காரர்கள் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு மேஜை. மேஜையின் மேல் ஒரு கருவி. அதன் முன்னால் ஒரு பையன், கையில் கைபேசி. அவன் விரலை வைத்தால் நாகஸ்வரம், விரலை எடுத்தால் மௌனம். புரோகிதர் மாங்கல்யத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, "கெட்டி மேளம், கெட்டி மேளம்!" என்று கையை உயர்த்தினார். பெட்டியோ சாவகாசமாக ஒரு கீர்த்தனையின் அநுபல்லவியில் நடந்து கொண்டிருந்தது. பையன் கெட்டி மேளத்தைத் தேடினான். தேடுகிற சமயம் பார்த்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். கைபேசியின் அழைப்பு மணியாக இருந்த ஒரு சினிமாப் பாட்டு, மண்டபம் முழுவதும் கிடுகிடுக்க ஒலித்தது. மூன்று முடிச்சும் அந்தப் பாட்டிலேயே விழுந்தன. அட்சதை எல்லாம் தீர்ந்த பிறகு கெட்டி மேளம் வந்து சேர்ந்தது, ரயில் போன பிறகு வருகிற குதிரை வண்டி மாதிரி.

எல்லோரும் சிரித்தார்கள். பையன் தடுமாறியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பாவம், அவன் என்ன செய்வான்? அந்தச் சிரிப்புத்தான் எனக்கு உறுத்தியது. ஒன்றும் கெட்டுப் போகவில்லை என்கிற சிரிப்பு அது.

கெட்டது என்ன என்று சொல்லுகிறேன். கெட்டி மேளம் ஒரு பாட்டல்ல, ஒரு காரியம். அந்த ஒரு கணத்தில் ஒரு தும்மலோ, அழுகையோ, ஓர் அபசொல்லோ யார் காதிலும் விழக் கூடாது என்று, இருக்கிற நாதத்தையெல்லாம் கொட்டி அந்தக் கணத்தை மூடுவது. அதற்காகத் தவில்காரர் மாப்பிள்ளையின் கையைப் பார்த்துக் கொண்டே இருப்பார். வாசிப்பு ஒரு பக்கம் நடக்கும். கண் மட்டும் மணவறையில் இருக்கும். புரோகிதரின் விரல் அசைந்ததும் நாயனம் எந்த இடத்தில் இருந்தாலும் அதை விட்டுவிட்டுப் பாயும். பெண்ணின் தகப்பனார் திருமாங்கல்யத்தைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வரத் தாமதமானால் மேளமும் காத்திருக்கும். ஆக, கெட்டி மேளம் என்பதில் பாதி, கண். பெட்டிக்குக் காது வைத்தார்கள், வாய் வைத்தார்கள், கண் வைக்கவில்லை. கண்ணில்லாத கெட்டி மேளம் வெறும் சப்தம்.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெண்ணுக்கு மாமா. மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"அட போங்கண்ணே, மேளம் வெச்சா அவங்க நாலு பேரு சாப்பிடணும், தங்கணும், வண்டிச் சத்தம் வேற. பென் டிரைவுக்குச் சோறா போடணும்?" என்றார்.

அவர் வெளிப்படையாகப் பேசுகிறவர். அதற்காக அவரிடம் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவருடைய கணக்கைச் சற்றுப் பார்க்கலாம். அதே மண்டபத்தில் வாசலில் இருபது அடி உயரத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிக்கிற பதாகை இருந்தது. தலைக்கு மேல் வண்டு மாதிரி ஒரு காமிரா பறந்து கொண்டிருந்தது. முதல் நாள் இரவு வரவேற்பில் பெண்ணை அழைத்து வருவதற்குக் கேரளத்திலிருந்து செண்டை மேளம் வந்திருந்தது. அவர்கள் சாப்பிட்டார்கள், தங்கினார்கள், வண்டிச் சத்தமும் வாங்கினார்கள். வாங்கட்டும், உழைத்தவர்கள். ஆனால் உள்ளூர் மேளத்துக்கு மாத்திரம் பணமில்லை என்றால், அது வறுமையின் கணக்கல்ல, அலட்சியத்தின் கணக்கு. நிஜமாகவே பணமில்லாதவர் மலை மேல் கோயிலில் தாலி கட்டிவிட்டு வீட்டில் பாயசம் வைக்கட்டும். அவரோடு எனக்கு வழக்கில்லை.

இனி, இதைவிடப் பலமான ஒரு வாதம் இருக்கிறது. படித்தவர்கள் சொல்லுகிறது. "உள்ளூர்க்காரர் சுமாராகத்தான் ஊதுவார். தட்டில் ராஜரத்தினம் பிள்ளை இருக்கிறார், காருகுறிச்சி இருக்கிறார், சின்ன மௌலானா இருக்கிறார். சுமாரான மனுஷனைவிட உன்னதமான தட்டு மேலல்லவா?" இந்த வாதத்துக்குப் பதில் சொல்லாமல் நகர்ந்தால் நான் கட்டுரை எழுதவே கூடாது.

தட்டு என்பது என்ன என்று முதலில் பார்ப்போம். இந்தியாவில் கிராமபோன் கம்பெனியார் ஒலிப்பதிவு தொடங்கியது 1902-இல், கல்கத்தாவில். கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பார். தட்டு அச்சாகிற ஜெர்மனி தேசத்துத் தொழிற்சாலையில் யார் பாடியது என்று குழப்பம் வரக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வருகிற வரையில், பெரிய புனல் ஒன்றுக்கு முன்னால் நின்று கொண்டு கத்த வேண்டும். தாளவாத்தியத்தின் அடி பலமாக விழுந்தால் ஊசியே தடுமாறும். மின்சாரம் வந்த பிறகும் பத்து அங்குலத் தட்டு நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்று சுற்றி, ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துச் சொச்சத்தில் தீர்ந்துவிடும். கோயில் வீதியில் சுவாமி நாலு வீதி சுற்றி வருகிற வரையில், இரவு முழுவதும் ஒரே ராகத்தை விரித்து வாசித்தவர்களைக் கூப்பிட்டு, "ஐயா, மூன்று நிமிஷம், அதற்குள் முடித்துக் கொள்ளும்" என்றது அந்த யந்திரம்.

அதற்குள்ளும் அவர்கள் முடித்துக் காட்டினார்கள் என்பதுதான் ஆச்சரியம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி அந்தச் சின்ன வட்டத்துக்குள் அடங்கியும் அடங்காமலும் நிற்கிறது. 1956-இல் அவர் மறைந்துவிட்டார். தட்டு இன்றும் பேசுகிறது. திருவீழிமிழலை சகோதரர்களின் தட்டுகளும் அப்படித்தான். உச்சத்தில் பேசும் திமிரி நாயனம் போய், நீண்டு தாழ்ந்த சுருதியில் பேசும் பாரி நாயனம் வந்ததற்கு ராஜரத்தினம் பிள்ளையும், அதைக் கடைந்து கொடுத்த நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் காரணம். அந்த மாறுதல் எப்படி ஒலித்தது என்பதை இன்று ஒருவன் தெரிந்து கொள்ள வேண்டுமானால் தட்டைத்தான் நாட வேண்டும். ஆகவே தட்டை நான் குறை சொல்லவில்லை. அது கையெழுத்துப் பிரதி. பெட்டகத்தில் வைத்துப் படிக்க வேண்டிய சாசனம்.

ஆனால் சாசனம் குழந்தை பெறாது. ராஜரத்தினம் பிள்ளையைத் தட்டா உண்டாக்கிற்று? தஞ்சாவூர் ஜில்லாவின் கோயில் வீதிகள் உண்டாக்கின. அந்த வீதிகளில் வாசித்தவர்கள் அத்தனை பேரும் ராஜரத்தினங்களா? அல்ல. நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் சுமார். அவர்கள் காலை பூஜைக்கும் சாயரட்சைக்கும் வாசித்தார்கள், புறப்பாட்டுக்கு மல்லாரி வாசித்தார்கள், பள்ளியறைக்கு நீலாம்பரி வாசித்தார்கள். அந்தத் தொண்ணூற்றைந்து பேர் வயிறு நிரம்பியதனால்தான் மீதி ஐந்து பேர் முளைத்தார்கள். காருகுறிச்சி அருணாசலம் பெயருக்கு முன்னால் ஒட்டிக் கொண்டிருக்கிறதே, அது திருநெல்வேலிச் சீமையில் ஒரு சின்ன ஊர். அங்கிருந்து போய் அவர் ராஜரத்தினம் பிள்ளைக்குச் சிஷ்யராகி, பக்கத்தில் நின்று ஊதி, 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில் ஜானகியின் குரலோடு போட்டி போட்டு, தமிழ்நாடு முழுவதும் வீட்டுக்கு வீடு நுழைந்தார். 1964-இல் நாற்பத்து மூன்றாம் வயதில் போய்விட்டார். அவர் போன்ற இன்னொருவர் ஏதோ ஒரு சின்ன ஊரில் இன்று சீவாளியை வாயில் வைத்து நனைத்துக் கொண்டிருக்கலாம். அவருக்கு முகூர்த்தம் கிடைக்கவில்லை. காரணம், அவர் ஊர் மண்டபத்தில் காருகுறிச்சியாரே வாசித்துக் கொண்டிருக்கிறார், கூலியில்லாமல்! இறந்து போன குருவைக் கொண்டே இருக்கிற சிஷ்யனின் சோற்றைப் பறிக்கிற சாமர்த்தியம் நம்முடையது.

மேல்நாட்டு உதாரணம் சொன்னால்தான் நம்புவோம் என்கிறவர்களுக்கு அதையும் சொல்லுகிறேன். 1782-இல் வியன்னாவில் இரண்டாம் ஜோசப் சக்கரவர்த்தி எட்டுக் காற்று வாத்தியக்காரர்கள் கொண்ட ஒரு கோஷ்டியை அரண்மனையில் ஏற்படுத்தினார். ஓபோ இரண்டு, கிளாரினெட் இரண்டு, கொம்பு இரண்டு, பஸ்ஸூன் இரண்டு. ஓபோவும் நம் நாயனமும் ஒரு விதத்தில் பங்காளிகள். இரண்டுக்கும் வாய் இரட்டை நாக்குச் சீவாளிதான். அந்தக் கோஷ்டிகளுக்கு வேலை என்ன தெரியுமா? பிரபுக்கள் சாப்பிடும்போது வாசிப்பது, தோட்டத்தில் வாசிப்பது. நம்முடைய மண்டப மேளம் போலவே, பாதிப் பேர் கேட்காத சங்கீதம். மோஸார்ட் அவர்களுக்கு எழுதினார். 1781-இல் அவருடைய பெயர் நாளன்று இரவு பதினொரு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே ஆறு பேர் வந்து நின்று அவர் எழுதியதையே அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். அவர்கள் ஏழைகள், ஆனாலும் நன்றாக வாசிக்கிறவர்கள் என்று தகப்பனாருக்குக் கடிதம் எழுதினார். பார்த்தீர்களா, மோஸார்ட்டுக்கே 'சுமாரான' தெரு வாத்தியக்காரர்கள் போதுமானவர்களாக இருந்தார்கள்! நமக்குத்தான் போதவில்லை.

பிற்பாடு யுத்தம் வந்தது, பிரபுக்களின் கை சுருங்கிற்று, கோஷ்டிகள் கலைந்தன. ஆனால் அந்தச் சங்கீதம் சாகவில்லை. அது காகிதத்தில் இருந்தது. பதின்மூன்று வாத்தியங்களுக்கு மோஸார்ட் எழுதிய பெரிய ஸெரனேடை இன்று எந்த ஊரிலும் காகிதத்தைப் பிரித்து வைத்துக் கொண்டு வாசித்துவிடலாம். வாசித்து, பதிவு செய்து, ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்து அடக்கமாகக் கேட்கிறார்கள். அங்கே தட்டு காகிதத்துக்குத் துணை. இங்கே? ராக ஆலாபனை காகிதத்தில் இல்லை. மல்லாரியின் ஜதி கொஞ்சம் எழுதலாம். அது வீதி திரும்புகிறபோது எப்படி விரிய வேண்டும் என்பதை எழுத முடியாது. ரக்தி மேளம் என்று ஒன்று இருக்கிறது, நாயனத்துக்கென்றே ஏற்பட்டது, அதன் பெயரைக்கூட மண்டபத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இதெல்லாம் மனுஷன் மூச்சிலிருந்து மனுஷன் மூச்சுக்குப் போகிற சொத்து. நடுவில் ஒரு தலைமுறை வாசிக்காமல் இருந்தால் தட்டை வைத்து மீட்டுவிடலாம் என்பது பேச்சு. தட்டு ராகத்தைச் சொல்லும். மூச்சை எங்கே பிடித்தார், எங்கே விட்டார், சீவாளியை எத்தனை கடித்தார் என்று சொல்லாது.

இப்போது மறு முனைக்கு வருகிறேன். பெட்டியில் போடுகிறார்களே, அதையாவது கேட்கிறார்களா? அந்தப் பையனிடம் சாப்பாட்டுக்குப் பிறகு, "தம்பி, யார் வாசித்தது அது?" என்று விசாரித்தேன். "நாதஸ்வரம் சார்" என்றான். ஆள் பெயர் கேட்டால் வாத்தியத்தின் பெயர் வருகிறது. கௌஹர் ஜான் 1902-இல் தன் பெயரைத் தானே சொல்லித் தப்பித்தார். நம் நாயனக்காரரும், அவரோடு உயிரைக் கொடுத்து வாசித்த தவில்காரரும் அநாமதேயம். 'மங்கள இசை' என்று ஒரு சீட்டு ஒட்டியாகிவிட்டது. அப்புறம் பெயர் எதற்கு? ஊதுவத்திக்குப் பெயர் கேட்கிறோமா? விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் ஒரு மங்கள இசை, கடை திறப்புக்கு ஒரு மங்கள இசை, புது வீட்டில் பால் காய்ச்சுகிறபோது ஒரு மங்கள இசை. அது தோடியா, கரகரப்பிரியாவா என்று யாருக்கும் கவலையில்லை. பட்டணத்துச் சபாக்களும் இதில் சளைத்தவை அல்ல. விழாத் தொடக்கத்தில், நாற்காலிகள் காலியாக இருக்கிற நேரத்தில் நாயனத்தை வைத்து மங்களமாக ஆரம்பித்துவிட்டு, கூட்டம் வருகிற நேரத்தில் வேறு கச்சேரி வைக்கிறார்கள். இது கௌரவம் போலத் தோன்றுகிற ஓர் அவமதிப்பு. தட்டை அவமதிக்கிறவனும் மேளக்காரரை அவமதிக்கிறவனும் ஒரே ஆள்தான். அவனுக்கு வேண்டியது சங்கீதம் அல்ல, சகுனம்.

செஞ்சிச் சீமைக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. இந்தப் பக்கத்துத் தெருக்கூத்தில் முகவீணை என்று ஒரு வாத்தியம். பெயரில்தான் வீணை, காரியத்தில் குட்டி நாயனம். கட்டியங்காரன் வாய் திறக்கிற முன்னால் அது கீச்சென்று குரல் கொடுக்கும். விடிய விடிய துரியோதனனுக்கும் திரௌபதிக்கும் பின்பாட்டுக்குத் துணை நிற்கும். நாகஸ்வரத்துக்காவது தட்டு உண்டு. முகவீணைத் தட்டு ஒன்றை இந்தக் கடைவீதியில் நான் கண்டதில்லை. அதை ஊதுகிற கிழவரோடு அது போகிறது என்றால், அங்கே சாசனமும் இல்லை, சந்ததியும் இல்லை. ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிற காலம் இது. அதைக் கொண்டு சாப்பாட்டு இலையைப் படம் பிடிக்கிறோம்.

2025-ஆம் வருஷம் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில், மராட்டியரின் கோட்டைகளோடு சேர்ந்து, இடம் பெற்றது. ஊரே பூரித்துப் போயிற்று, நியாயந்தான். 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அதுவும் நியாயந்தான். கல்லுக்கு முத்திரை கிடைத்தது, மரத்துக்கு முத்திரை கிடைத்தது. மூச்சு மாத்திரம் முத்திரைக்குள் அடங்காது. அதற்குச் சந்தர்ப்பம்தான் கொடுக்க வேண்டும்.

புதுச்சேரிக் கடற்கரைக்குப் போனவர்கள் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கருங்கல் தூண்களைப் பார்த்திருப்பார்கள். செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் காலத்தில் கொண்டு போனவை என்பார்கள். அழகான வேலைப்பாடு. அசல் செஞ்சிக் கல். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவை எந்தக் கூரையையும் தாங்கவில்லை. அவற்றின் நிழலில் எந்த மண்டபமும் இல்லை. தட்டும் அப்படித்தான். அசல், அழகு, பார்க்க வேண்டியது, கேட்க வேண்டியது. அதன் மேல் கூரை போட முடியாது. கலியாணம் என்பது கூரை போடுகிற காரியம்.

ஆகையால் என் கோரிக்கைகள் நாலு. சர்க்காருக்கு அல்ல, வாசகர்களுக்கு. அரசு இசைப்பள்ளிகளில் நாயனமும் தவிலும் சொல்லித்தானே கொடுக்கிறார்கள். கற்று வெளியே வருகிற பிள்ளைக்கு வேலை கொடுக்க வேண்டியது நாம்.

ஒன்று: முகூர்த்தத்துக்கு மனுஷன் ஊத வேண்டும். மண்டபக்காரர் பெட்டி இலவசம் என்றால், நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். இரண்டு: மேளக்காரர்களைச் செருப்பு விடுகிற மூலையில் உட்கார வைக்காதீர்கள். மேடை கொடுங்கள்; மாப்பிள்ளை அழைப்பன்று வேறு எந்தச் சத்தமும் இல்லாமல் அரை மணி கொடுங்கள்; ஒரு ராகமாவது முழுதாக வாசிக்கட்டும். இடுப்பில் துண்டைக் கட்டிக் கொண்டு நின்று வாசித்த காலத்தை ராஜரத்தினம் பிள்ளை போன்றவர்கள் மாற்றினார்கள். நாம் மறுபடியும் மூலைக்குத் தள்ள வேண்டாம். மூன்று: பத்திரிகையில் உறவினர் பட்டியல் நாற்பது பெயர் போடுகிறோம், நாயனம் இன்னார், தவில் இன்னார் என்று இரண்டு பெயர் கூடுதலாகப் போட்டால் அட்டை கிழிந்துவிடாது. நாலு: தட்டை வீட்டுக்குக் கொண்டு போங்கள். இரவு சாப்பாடானதும், விளக்கைத் தணித்துவிட்டு, குழந்தைகளையும் பக்கத்தில் வைத்துக் கொண்டு, தோடியை ஒரு தடவை பேசாமல் கேளுங்கள். மூன்று நிமிஷம், சற்று முன்பின். அவ்வளவு நேரம் வாயை மூடிக் கொண்டிருக்க முடியாதவர்களுக்கு ராஜரத்தினம் பிள்ளையின் பெயரைச் சொல்லி உள்ளூர்க்காரரை 'சுமார்' என்று சொல்ல உரிமை கிடையாது.

அப்படிக் கேட்டவர்கள் மறு முகூர்த்தத்துக்குப் பெட்டி வைக்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. தோடியைத் தெரிந்து கொண்ட காது, சுமாராகவாவது அதை நேரில் வாசிக்கிற ஒருவரைத் தேடும். அந்தச் சுமாரானவர் சாப்பிடட்டும், தங்கட்டும், வண்டிச் சத்தமும் கேட்கட்டும். கொடுப்போம்.